சரித்திரத்தோடு விளையாடலாமா?

"விளையாட்டில் சரித்திரம் எதற்கு?" என்று எங்களைப் பார்த்துக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மறுமொழியாகவே இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இன்று நம் இல்லங்களில் அண்ணன்மாரும் தம்பிமாரும், ஏன், நாங்களுந்தான், கணிப்பொறியில் இணையத்தின் வழியே வான்போர் விளையாட்டுகளை ஆடுகிறோம். எங்கோ இருக்கும் ஒருவர் ஒரு விமானத்தை ஓட்ட, நாம் மற்றொன்றில் ஏறி எதிர்க்கிறோம். பல வேளைகளில் வேகத்தையும் வலிமையையும் மட்டுமே பார்த்து விமானங்களை இணை சேர்க்கின்றனர். அவை எந்த ஆண்டில், எந்த வானில் பறந்தவை என்று பார்ப்பதில்லை.

இதனால் என்ன கெடுதல்? எங்கள் தோழி ஒருத்தியின் தம்பி, 1940-ஆம் ஆண்டு இங்கிலாந்தைத் தாக்கியவை ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானங்களே என்று அடித்துச் சொன்னான். "நானே ஸ்பிட்பயரில் ஏறி அதைச் சுட்டேனே!" என்பதுதான் அவன் காட்டிய சான்று. அந்த ஜெட் விமானம் போர்க்களம் கண்டது 1944-இல் என்று புத்தகத்தைக் காட்டியும் அவன் மனம் ஒப்பவில்லை. படித்தது மறந்துபோகலாம், ஆடியது மறப்பதில்லை. விளையாட்டு கற்பிக்கும் பொய் அவ்வளவு ஆழமாகப் பதிகிறது!

அப்படியாயின் நல்ல இணை எது? ஒரே ஆண்டு, ஒரே வானம், அன்றிருந்த அதே நிலைமை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும் என்பது எங்கள் கருத்து.

1940-இல் இங்கிலாந்தின் வானில் ஸ்பிட்பயரும் மெஸ்ஸர்ஷ்மிட் 109-உம் மோதின. வேகத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமம். ஸ்பிட்பயர் குறுகிய வட்டத்தில் திரும்பும். மெஸ்ஸர்ஷ்மிட்டோ திடீரெனத் தலைகுப்புறப் பாயும். அவ்வாறே பின்தொடர்ந்தால் ஸ்பிட்பயரின் இயந்திரம் ஒரு கணம் திணறும். ஆனால் லண்டன்வரை வந்த ஜெர்மானியருக்குப் போரிட ஏறத்தாழ பத்து நிமிடத்திற்கே எரிபொருள் இருந்தது. விளையாட்டில் எரிபொருளை நிரம்பக் கொடுத்துவிட்டால் விமானங்கள் மட்டுமே உண்மை, போர் பொய்யாகிவிடும்.

"சரித்திரத்தில் சமநீதி இல்லையே! ஒரு பக்கமே தோற்றால் யார் விளையாடுவார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1942-இல் பசிபிக் கடலின் குவாடல்கனால் தீவின்மேல் ஜப்பானியரின் ஜீரோவை அமெரிக்கரின் வைல்ட்கேட் எதிர்த்தது. வளைந்து திரும்புவதில் ஜீரோவை வெல்வது அரிது. ஆயினும் அமெரிக்கர் சளைக்கவில்லை. ஜான் தாச் என்ற கடற்படை விமானி வகுத்த முறைப்படி, இருவர் இருவராகக் குறுக்கும் நெடுக்கும் பறந்து, ஒருவர் முதுகை மற்றவர் காத்தனர். ஜீரோவோ ரபாவுல் தளத்திலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் பறந்து வந்து, அவ்வளவு தூரம் திரும்பியும் போக வேண்டும். இந்த நிலைமைகளையும் விளையாட்டில் சேர்த்தால் போட்டி தானே சமமாகும். வலிமை குறைந்தோர் ஒற்றுமையால் நிலைத்து நின்றதையும் கற்கலாம். வைல்ட்கேட்டுக்குப் பதிலாக 1943-இல் வந்த ஹெல்கேட்டை அங்கே நிறுத்தினாலோ, அந்தப் பாடமே மறைந்துபோகும்.

எங்களைப் போன்ற பெண்களுக்கு இதில் மற்றொரு செய்தியும் உண்டு. 1942-இல் ஸ்டாலின்கிராட் வானில் சோவியத் நாட்டின் யாக்-1 விமானத்தில் ஜெர்மானியரை எதிர்த்தவர்களுள் லிடியா லித்வியாக் என்ற இளம்பெண்ணும் ஒருத்தி. 1943 ஆகஸ்டு முதல் நாள் பறந்து சென்றவள் திரும்பவில்லை. அப்போது அவளுக்கு வயது 21. எங்களைவிட ஆறே வயது மூத்தவள்! அவளுடைய யாக் விமானத்தை எந்தக் காலத்து ஜெட்டோடும் கோத்துவிட்டால், அவள் சந்தித்த ஆபத்து எத்தகையது என்பது எவருக்கு விளங்கும்?

விளையாட்டில் வீழ்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் எழுகிறோம். அவர்கள் எழவில்லை. இரு தரப்பிலும் அன்னையர் அழுதனர். போரைப் போற்றுவதற்காக நாங்கள் உண்மை கேட்கவில்லை. மாண்டவர்களின் கதை மாறிவிடக் கூடாது என்பதற்காகவே கேட்கிறோம்.

ஆகவே தோழியரே, ஆடுமுன் ஆண்டைப் பாருங்கள். பெற்றோர்களே, விளையாட்டை நிறுத்தச் சொல்லுமுன், பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இந்த இரண்டும் மெய்யாகவே சந்தித்தனவா?" என்று ஒருமுறை கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே விளையாட்டைப் பாடமாக்கிவிடும்.

மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு