பாசியை வெட்டும் ஒளி

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் காப்பாபைகஸ் என்று சொன்னால் பலருக்குப் புரியாது. ‘பெப்சி பாசி’ என்றால் புரியும். 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்த பாசி அது. மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் சுமார் 45 நாளில் அறுவடை. கரையில் காயவைத்து எடைக்கு விற்பதோடு மீனவப் பெண்களின் வேலை முடிகிறது. லாபம் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது.

அந்தப் பாசிக்குள் இருப்பது காராஜீனன் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்க அந்த நீளம் வேண்டும். வயலுக்கோ சிறு துண்டுகள் வேண்டும். துண்டான காராஜீனனுக்குப் பயிரின் வளர்ச்சியைத் தூண்டும் குணம் உண்டு.

துண்டாக்குவது எப்படி? அமிலத்தில் காய்ச்சலாம், அமிலக் கழிவுநீரை என்ன செய்வது? நொதி கச்சிதமாக வெட்டும், விலைதான் கையைக் கடிக்கும். மூன்றாவது வழி ஒளி. பாசிக் கரைசலில் சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து புறஊதா விளக்கைக் காட்டினால், பெராக்சைடு பிளந்து ஹைட்ராக்சில் என்னும் முரட்டுத் துகள்கள் பிறக்கும். அவை சர்க்கரை வளையத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்க, பக்கத்து இணைப்பு அறுந்துவிடும். விளக்கை அணைத்தால் வெட்டும் ஓய்ந்துவிடும். பெராக்சைடுக்குப் பதில், வெள்ளைப் பெயின்டில் கலக்கும் டைட்டானியம் டை ஆக்சைடையும் பயன்படுத்தலாம்.

குறை இல்லாமல் இல்லை. பாகுபோல் கெட்டியான, நிறமேறிய கரைசலுக்குள் புறஊதாக் கதிர் ஆழமாக இறங்காது. மெல்லிய படலமாக ஓடவிட வேண்டும். இந்த முரட்டுத் துகள்கள் இடம் பார்த்து வெட்டுவதுமில்லை.

பிலிப்பைன்ஸ் அணு ஆராய்ச்சி நிறுவனம் இதே வேலைக்குக் காமா கதிரைப் பயன்படுத்தி, துண்டான காராஜீனனை நெல் வயல்களில் தெளித்துப் பார்த்தது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கதிரூட்டிய ஆல்ஜினேட் என்னும் இன்னொரு பாசிச் சர்க்கரையைப் புதினா போன்ற பயிர்களில் சோதித்திருக்கிறார்கள். ஆனால் காமா கதிருக்குக் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் வேண்டும், கனத்த சுவர் வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். புறஊதா விளக்கோ வீட்டுக் குடிநீர் சுத்திகரிப்பான்களிலேயே எரிகிறது. ராமநாதபுரத்துக்கு எது தோது என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. வயலுக்கு நல்ல துண்டு வயிற்றுக்கு ஆகாது. உணவில் சேர்க்கும் காராஜீனனில் 50,000 டால்டன் மூலக்கூறு எடைக்குக் குறைந்த துண்டுகள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. ஆகவே பயிருக்கான சரக்குக்குத் தனிக் கொட்டகை, தனி முத்திரை கட்டாயம். பயிர் ஊக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டதால், தரம் கேட்கச் சட்டமும் இருக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் அமையும் கடல்பாசிப் பூங்காவுக்கு 127.71 கோடி ரூபாய் ஒதுக்கி, 2023-இல் அடிக்கல்லும் நாட்டியாகிவிட்டது. நாற்றும் மிதவையும் கொடுப்பதோடு அது நின்றுவிடக் கூடாது. சிறிய புறஊதாச் சோதனை ஆலை ஒன்றை அங்கே நிறுவி, பாசி வளர்க்கும் பெண்களின் குழுக்களை அதில் பங்குதாரர்களாகச் சேர்க்க அரசு முன்வர வேண்டும்.