கணவாயும் கூந்தளும்

சுள்ளிக்கல்லில் புதிதாகக் குடியேறிய நமது சங்கத்து அம்மையார் ஒருவர், வாசலில் மீன்காரர் "கூந்தள் வேணோ?" என வினவக் கேட்டுத் திகைத்துத் தம் தலைமுடியைத் தடவிக்கொண்டாராம். அன்பர்கள் நகைக்கலாம். ஆயினும் இக்குழப்பம் நம் இல்லங்களில் இன்றும் தீர்ந்தபாடில்லை.

மலையாளத்தார் கூந்தள் என்பது நமது ஊசிக்கணவாய். அவர்கள் கணவ என்பது ஓட்டுக்கணவாய். நாமோ இரண்டையும் கணவாய் என்றே கேட்கிறோம், கேட்டதொன்று, கிடைப்பதொன்று. ஊசிக்கணவாய்க்கு உடல் நீண்டு, செட்டை வாற்புறத்தில் மட்டும் ஈட்டிமுனைபோல் அமைந்திருக்கும். உள்ளே கண்ணாடி போன்ற மெல்லிய தகடு. ஓட்டுக்கணவாய்க்கு உடல் அகன்று, செட்டை சேலைக்கரைபோல் இருபுறமும் ஓடும். உள்ளே வெள்ளை ஓடு. நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என விற்பது அவ்வோடேயாம். இவ்விரண்டுக்கும் கைகள் பத்து. அவற்றுள் நீண்ட இரண்டு பையினுள் மடங்கிக் கிடத்தலால், எட்டென எண்ணி ஏமாறுவோர் உண்டு. மெய்யாகவே எட்டே உடையது பேய்க்கணவாய். இங்கு நீராளி என்பர். அதற்கு ஓடில்லை.

ஓட்டுக்கணவாயிலும் இனங்கள் பல. புலிவரி படர்ந்த பெரியது செபியா பரவோனிஸ். அதன் ஓட்டின் நுனியில் முள் உண்டு. முள்ளின்றி, வாலில் செட்டைகளுக்கிடையே சிறு துளையுடையது செபியெல்லா. இலட்சத்தீவில் நீர்மூழ்கிக் காண்போர் நிறத்தை நம்பலாகாது. இவ்வுயிர்கள் நொடிப்பொழுதில் நிறம் மாறுவன. வடிவையே நோக்குக.

இனி, சொல்லத் தயங்கும் செய்தி ஒன்று. குளச்சல் பக்கத்துத் தூண்டில் மீனவர், நம் தமிழர், கேரள கருநாடகக் கடலில் தென்னம்பாளைகளைக் கட்டிக் கல்லோடு இறக்குகின்றனர். நிழலும், முட்டை ஒட்ட இடமும் நாடி ஓட்டுக்கணவாய் அங்கே கூடும், தூண்டிலில் சிக்கும். இதனால் இழுவைப்படகினரோடு பூசலும் நேர்ந்துள்ளது. நம்மவர் திறமையை நாம் மெச்சுகிறோம், வயிற்றுப்பாட்டையும் அறிவோம். எனினும் இவ்வுயிரின் வாழ்வு ஓரிரு ஆண்டே. முட்டையிட வந்த தாயை இடுமுன்னே பிடித்தால் மறுபருவத்துக்கு எது எஞ்சும்? நம்மவர் என்பதற்காக வாய்மூடியிருத்தல் நமக்கு ஒவ்வவில்லை.

ஓட்டுக்கணவாயைக் கழுவுங்கால் உள்ளே வெண்ணிறமாய்ப் பருத்த இரட்டைச் சுரப்பிகளும் முட்டைகளும் காணப்பட்டால், அது முட்டையிடவிருந்த பெண். சென்ற ஞாயிறன்று தோப்பும்படியில் நாம் வாங்கிய நான்கில் மூன்று அவ்வாறே இருந்தன.