தளிர்க்கும் நம்பிக்கை

விதைத்த மறுநாளே விளைவை எதிர்பார்ப்பவன் உழவன் அல்லன். விதைத்தது முளைக்காது என்று அஞ்சுபவனோ விதைக்கவே மாட்டான். இவ்விருவர்க்கும் இடைப்பட்டவனிடம் இருப்பதே உண்மையான நம்பிக்கை. அதன் இயல்பை ஆடுகளமும் நமக்கு நன்கு உணர்த்தும்.

இங்கிலாந்தில் கால்பந்தாட்டப் பருவம் ஆகஸ்டுத் திங்களில் தொடங்கும். முதல் ஆட்டம் நிகழும் வரையில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. அவ்வேளையில் ஒவ்வோர் ஊராரும் தம் அணியே வாகை சூடும் என்று பேசி மகிழ்வர். அணியில் புதிய இளைஞர்களே மிகுந்திருந்தால், அப்பேச்சைக் கேட்டுச் சிலர் நகைப்பர். அந்நகைப்பு முறையானதா? மான்செஸ்டர் யுனைடெட் அணியின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

அவ்வணியின் மேலாளரான மாட் பஸ்பி, சிறுவர்களைத் தேடிச் சேர்த்துப் பயிற்சியளித்தார். அவர்கள் 1956, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் முதல் அணியாக விளங்கினர். ஆனால் 1958 பிப்ரவரி 6 அன்று, பெல்கிரேடு நகரில் ஆடித் திரும்பிய அவர்களுடைய விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளாயிற்று. 23 பேர் மாண்டனர். அவருள் எண்மர் ஆட்டக்காரர். பஸ்பியும் மருத்துவமனையில் உயிருக்குப் போராடினார்.

பதின்மூன்று நாள் கழித்து அவ்வணி மீண்டும் களம் புகுந்தது. அன்றைய ஆட்ட நிரலில், அவ்வணியின் பதினொருவர் பெயர்களுக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. யார் ஆடுவர் என்பதை அச்சிடும்போது அறிந்தவர் இலர். ஆயினும் அரங்கு நிறைய மக்கள் திரண்டனர். பெயரில்லா அந்த அணியை அவர்கள் தம் அணியாகவே ஏற்றனர். அன்று வெற்றியும் கிட்டியது.

ஆயினும் ஒரு வெற்றியால் அணி உருவாகிவிடவில்லை. அடுத்த பருவத்தில் இரண்டாம் இடம் பெற்ற அணி, பின்னர்ச் சரிந்து, 1963 ஆம் ஆண்டில் 22 அணிகளுள் 19 ஆம் இடத்திற்குத் தாழ்ந்தது. ஆகஸ்டில் நம்பியவர்களுக்கு உண்மையான சோதனை அதுவே. வெற்றியை மட்டும் விரும்பியவர் அன்று முகம் சுளித்திருப்பர். வளர்ச்சியை நோக்கியவரோ, அவ்வாண்டிலேயே எஃப்.ஏ. கோப்பை கைக்கு வந்ததையும், ஜார்ஜ் பெஸ்ட் என்னும் பதினேழு வயது இளைஞர் களமிறங்கியதையும் கண்டு மனந்தேறியிருப்பர்.

நம்பிக்கை மட்டும் பந்தை வலைக்குள் செலுத்துமா என்று கேட்கலாம். செலுத்தாது. பஸ்பி நாள்தோறும் உழைத்தார். டெனிஸ் லா போன்ற தேர்ந்த வீரர்களை வெளியிலிருந்தும் சேர்த்தார். நம்பும் மக்கள் தருவது வேறொன்று, அது காலம். தவறு செய்யவும், அதனின்று கற்கவும், இளைஞர்க்குக் காலம் வேண்டும். முதல் தோல்வியிலேயே ஏளனம் எழுந்தால் துணிந்து ஆடும் கால்களும் தயங்கும்.

1968 மே 29 அன்று, வெம்பிளி அரங்கில் பென்ஃபிகா அணியை 4-1 என வென்று, ஐரோப்பியக் கோப்பையைப் பெற்ற முதல் ஆங்கிலேய அணியாக அது உயர்ந்தது. மியூனிக்கில் உயிர் தப்பிய பாபி சார்ல்டன் இரண்டு கோல்கள் அடித்தார். அன்றுதான் பத்தொன்பது வயது நிரம்பிய பிரையன் கிட் ஒன்று அடித்தார். பழைய வேரும் புதிய தளிரும் ஒரே மரத்தில் விளங்கிய காட்சி அது. வெறுமையான அந்த நிரலுக்கும் இவ்வெற்றிக்கும் இடையே பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

எல்லா இளைய அணிகளுக்கும் இத்தகைய நாள் வாய்ப்பதில்லை. நம்பிய பலர் கோப்பையைக் காணாமலே போவதும் உண்டு. எனினும் அவர்கள் ஏமாந்தவர் அல்லர். அவர்கள் அளித்த பொறுமையில்தான் இளைஞர் பலர் ஆட்டக்காரர் ஆயினர். ஆதலின், ஆகஸ்டு மாதத்து மகிழ்ச்சி நகைப்புக்கு உரியதன்று. மார்கழிக் குளிரில் அணி தோற்கும்போதும் அது நிலைத்திருக்குமாயின், அதுவே நம்பிக்கை. நிலைக்காதாயின், அது வெறும் ஆரவாரமே.