வன்னியின் பச்சை எல்லாம் காடல்ல

2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் மூழ்கின. அதற்கு முந்தைய ஆண்டுதான் நாடு நாற்பது ஆண்டுகளில் காணாத வரட்சியைக் கண்டிருந்தது. 2017இல் நெல் விளைச்சல் 2016ஐ விட 40 வீதத்துக்கும் மேலாக வீழ்ந்தது. வரட்சியும் வெள்ளமும் நெல்லுக்குச் செய்ததை நட்டஈட்டுப் படிவங்களில் நிரப்பிக் கொடுத்தோம். காட்டுக்கும் தரவைக்கும் செய்ததை எழுதுவதற்கு எவரிடமும் படிவம் இல்லை.

வன்னிக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான். எஞ்சிய மாதங்களைத் தாக்குப்பிடிக்கப் பழகிய மரங்களே இங்குள்ள பாலையும் முதிரையும் வீரையும். ஆழ வேரோடிய முதுமரம் ஒரு வரட்சியில் இலகுவில் பட்டுப்போகாது. பட்டுப்போவது அதன் கன்று. அடுத்தடுத்து மாரி பொய்த்தால் ஒரு தலைமுறைக் கன்றுகளே இல்லாமற்போகலாம்; பெரிய மரங்கள் நிற்பதால் காடு அப்படியே இருப்பதாகத்தான் தோன்றும். கீழே புல் கருகி, எஞ்சியதையும் மாடுகள் மேய்ந்து, மண் வெறுமையாகிவிடும். அந்த வெறும் மண்ணில் ஒரு மாதத்து மழை இரண்டு நாளில் விழுந்தால் மேற்பரப்பு இறுகி, நீர் உள்ளே இறங்காமல் ஓடுகிறது. ஓடும்போது மேல்மண்ணையும் அதில் கிடந்த விதைகளையும் அள்ளிக்கொண்டு போகிறது. குளத்தில் வண்டல் சேர்கிறது, மேட்டில் ஈரம் நிற்பதில்லை. மொத்த மழையின் கணக்குக் குறையாத ஆண்டிலும் நிலம் வரண்டுபோவது இப்படித்தான்.

ஆனால் மழை விட்ட சில வாரங்களில் செய்மதிப் படத்தைப் பார்த்தால் வன்னி முழுவதும் பச்சை. இலையில் பட்டுத் தெறிக்கும் ஒளியை வைத்தே பசுமை கணிக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் புல்லும் பச்சை, பற்றையும் பச்சை, மன்னார்ப் பக்கம் பரவும் சீமைக் கருவேலும் பச்சை. நூறு வயதுப் பாலையை அவற்றிலிருந்து பிரித்தறிய ஒருவர் நிலத்தில் இறங்கி நடக்கவேண்டும்.

நடக்காததன் விலையை மீளக்குடியேறியவர்கள் கொடுக்கிறார்கள். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை மூடிய வயல்களும் மேட்டுக்காணிகளும் பல இடங்களில் காடாகக் கணக்கிடப்பட்டு, வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்குள் போய்விட்டன. கிணற்றுக் கட்டும் வரம்பும் புளியமரமும் உள்ளே நிற்கின்றன. (காடு தானாகக் கிணறு வெட்டுவதை நாம் இன்னும் காணவில்லை.) உண்மையான முதுகாட்டிலோ முதிரைக் குற்றிகள் இரவில் ஏறுகின்றன, ஆற்றங்கரை மருதுகளின் வேரடியில் மணல் அகழப்படுகிறது. கரையைப் பிடித்து வைத்திருக்கும் மரம் அதுதான்; அது சரிந்தால் அடுத்த வெள்ளம் வயலுக்குள் மணலைக் கொண்டுவந்து போடும்.

இன்னொன்றும் அந்த எல்லைக்குள் அகப்பட்டிருக்கிறது: போர்க்காலத்தில் கைவிடப்பட்ட சிறு குளங்கள். பெருமழையை மேலேயே மறித்து, கோடையில் சுற்றுவட்டார மண்ணுக்கு ஈரம் கொடுப்பவை அவை. கட்டு உடைந்த குளம் இரண்டையும் செய்யாது. அதைத் திருத்த முன்வரும் கமக்காரர் அமைப்பு, மண்வெட்டி எடுக்குமுன் காட்டுக்குள் நுழைய அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதவேண்டியிருக்கிறது. அடுத்த மாரி ஒக்டோபரில் தொடங்கும்.