வீட்டுக் கூரையே மின்சாரம் தருமா?
அதிராம்பட்டினத்தில் ஒரு கணக்கு

ஓடு மழையைத் தடுக்கும். வெயிலைத் தடுக்கும். அதே ஓடு மின்சாரமும் தந்தால்?

இது கற்பனை அல்ல. அப்படி ஒரு ஓடு வந்துவிட்டது. பார்வைக்குச் சாதாரண ஓடுதான். ஆனால் அதற்குள் சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் சில்லுகள் இருக்கின்றன. மொட்டை மாடியில் இரும்புக் கால் நட்டு, அதன் மேல் கறுப்புக் கண்ணாடிப் பலகைகளைச் சாய்த்து வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது சோலார் பேனல். இது வேறு. இதில் கூரை தனி, பேனல் தனி என்பது கிடையாது. கூரையேதான் பேனல்.

தஞ்சை மாவட்டத்தில், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது அதிராம்பட்டினம். இவ்வூர்க்காரர்கள் பலர் வெளிநாடுகளில் வேலையிலும் வியாபாரத்திலும் இருக்கிறார்கள். அங்கே பார்த்த புதுமை இங்கே வந்து சேர அதிக நாள் ஆவதில்லை. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கமும் இங்கே உண்டு. புது வீடு எழும்பும்போது கூரையைப் பற்றிய யோசனையும் எழும்புகிறது.

"வாப்பா, மேலே ஓடுதானே போடப் போறீங்க? கரண்ட் தர்ற ஓடாவே போட்டுடலாமே" என்று துபாயிலிருந்து மகன் போனில் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வாப்பா என்ன பதில் சொல்வது?

"இப்போது வேண்டாம்" என்று சொல்வதே நல்லது என்பது என் கருத்து. மாடியில் தனிப் பேனல் வைக்கலாம். அதுவும் எல்லா வீட்டுக்கும் அல்ல. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் பில்லைப் பாருங்கள்

கூரையைப் பார்ப்பதற்கு முன் கரண்ட் பில்லைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாயிற்று. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு வரும் பில் 235 ரூபாய்தான். நான்கு விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு டி.வி. இருக்கும் வீடு இதற்குள் அடங்கிவிடும். இந்த 235 ரூபாயை மிச்சப்படுத்த லட்ச ரூபாய் செலவழிப்பார்களா? இந்த வீட்டுக்குச் சோலார் தேவையில்லை. ஓடும் தேவையில்லை, பேனலும் தேவையில்லை.

இரண்டு ஏ.சி. ஓடும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணம் மளமளவென்று ஏறுகிறது. 501-லிருந்து 600 வரை யூனிட் ஒன்றுக்கு 8 ரூபாய் 55 காசு. அதற்கு மேல் 800 வரை 9 ரூபாய் 65 காசு. அந்தக் கட்டணத்தில் 700 யூனிட்டுக்கு 3,905 ரூபாய் ஆகும். வருஷத்துக்கு 23,000 ரூபாய்க்கு மேல்.

நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் வைத்தால் 12 யூனிட். இரண்டு மாதத்துக்கு 720. ஏறக்குறைய முழு பில்லும் அடைந்துவிடும். பகலில் மிஞ்சும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிக்குப் போகும். இரவில் வேண்டியது கம்பியிலிருந்து வரும். இருவழி மீட்டர் இரண்டையும் கணக்கு வைக்கும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பிரதமர் சூரிய வீடு' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கோடி வீடுகள் இதன் இலக்கு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம். ஆக மொத்தம் 78,000. மூன்று கிலோவாட்டுக்கு இரண்டு லட்சம் ஆகிறது என்றே வையுங்கள். மானியம் போகக் கைப்பணம் 1,22,000. மேலே சொன்ன வீட்டில் ஐந்தாறு வருஷத்தில் போட்ட பணம் திரும்பி வந்துவிடும். பேனலுக்கு 25 வருஷம் உத்தரவாதம் கொடுப்பது வழக்கம்.

இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. மானியம் வேண்டுமானால் பேனலும் அதற்குள் இருக்கும் சில்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் ஓட்டுக்கு மானியம் கிடையாது. துபாய் மகனுக்கு இதை முதலில் சொல்ல வேண்டும்.

ஓடு வந்த கதை

சூரிய ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கன் சில்லை 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தார் உலகுக்குக் காட்டினார்கள். அன்று அதன் மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மின்சாரமாயிற்று. இன்று நல்ல பேனல் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் மாற்றுகிறது.

அதைக் கூரைக்குள் ஒளித்து வைக்கும் ஆசை அமெரிக்காவில் பலமாக இருந்தது. காரணம் உண்டு. அங்கே பெரும்பாலான வீடுகளுக்குச் சாய்வுக் கூரை. இருபது, முப்பது வருஷத்துக்கு ஒரு முறை அதைப் பிரித்து மாற்றுவார்கள். எப்படியும் மாற்றப் போகிறோம், மின்சாரக் கூரையாகவே மாற்றினால் என்ன என்பது அவர்கள் கணக்கு.

டவ் என்ற பெரிய ரசாயனக் கம்பெனி 2011-ல் சோலார் ஓடு விற்கத் தொடங்கியது. 2016-ல் கடையைக் கட்டிவிட்டது. அதே 2016-ல் டெஸ்லா கம்பெனியின் எலான் மஸ்க், லாஸ் ஏஞ்சல்சில் சினிமாவுக்காகப் போட்ட வீடுகளின் மேல் தம்முடைய சோலார் ஓட்டைப் பதித்துக் காட்டினார். ஊரே வாயைப் பிளந்தது. 2021-ல் என்ன நடந்தது? ஒப்பந்தம் போட்டிருந்தவர்களுக்கே விலையைத் திடீரென்று ஏற்றினார்கள். சிலருக்கு இரு மடங்காயிற்று. வழக்குப் போட்டார்கள். 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

நம் நாட்டிலும் முயற்சி உண்டு. ஐதராபாத்தின் விசாகா இண்டஸ்ட்ரீஸ் சிமெண்டுப் பலகையின் மேல் சில்லுகளைப் பதித்துக் கூரையாக விற்கிறது. புதிதாகக் கொட்டகை போடுகிறவருக்கு அது யோசிக்கத் தக்கதே. கூரைச் செலவில் ஒரு பகுதி அதிலேயே கழிந்துவிடும்.

ஆனால் அதிராம்பட்டினத்தில் இன்று எழும்பும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கான்கிரீட் தளமும் மொட்டை மாடியும்தான். மொட்டை மாடியில் துணி காயும். வற்றல் காயும். கோடையில் பாய் விரித்துப் படுப்பார்கள். அங்கே ஓடு பதிக்க வேண்டுமானால் அதற்கென்றே ஒரு சாய்வுக் கூரை எழுப்ப வேண்டும். இரட்டைச் செலவு. தனிப் பேனலை ஆள் உயரக் கால்களில் நிறுத்தினால் கீழே நிழலும் கிடைக்கும், மாடியும் நமக்கே இருக்கும்.

உப்பும் சூடும் தென்னையும்

பேனலுக்குச் சூடு ஆகாது என்றால் சிரிப்பீர்கள். வெயிலில் வேலை செய்யும் சாமானுக்குச் சூடு ஆகாதா? ஆகாது. அதற்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் விளைச்சல் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறைகிறது. கால்களில் நிற்கும் பேனலின் அடியில் கடற்காற்று நுழைந்து போகும். கூரையோடு ஒட்டிய ஓட்டுக்கு அந்த வசதி இல்லை.

உப்பளம் உள்ள ஊர் இது. ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்பது வீட்டுக்காரர்களுக்கே தெரியும். பேனல் உப்புக்காற்றுச் சோதனையில் தேறியதா என்று விற்பவரைக் கேட்க வேண்டும். தாங்கும் கம்பிகளுக்கு நல்ல துத்தநாக முலாம் வேண்டும். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் படலம் படியும். வெளிநாட்டில் குடும்பம், பூட்டிய வீடு என்றால் இதையெல்லாம் யார் செய்வது?

தென்னை இன்னொரு சங்கதி. பேனல்களை ஏரில் பூட்டிய மாடுகள் போல வரிசையாக இணைத்திருக்கிறார்கள். ஒரு மாடு நின்றால் ஏர் தடுமாறும். ஒரே ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலும் வரிசையின் விளைச்சல் குறையும்.

கஜா கற்பித்தது

2018 நவம்பர் 16 அதிகாலை. கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் இருக்கும் இடத்தைத் தேடி நடந்தார்கள்.

"நம் வீட்டில் சோலார் இருந்திருந்தால் வெளிச்சம் இருந்திருக்கும்" என்று நினைக்கத் தோன்றும். இருந்திருக்காது!

மானியத்தில் வைக்கும் சாதாரண சோலார் அமைப்பு, வாரியத்தின் கம்பியில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். கம்பியில் கரண்ட் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும். இது கோளாறு அல்ல. அறுந்த கம்பியைச் சரிசெய்ய ஏறும் லைன்மேனின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு. நம் மாடியிலிருந்து கரண்ட் அந்தக் கம்பிக்குப் போனால் அவர் கதி என்ன? ஆகவே உச்சி வெயிலிலும் பேனல் சும்மா கிடக்கும். ஓட்டுக்கும் இதே விதிதான்.

இருட்டில் விளக்கு எரிய வேண்டுமானால் பாட்டரி வேண்டும். பாட்டரியோடு வேலை செய்யும் இன்வெர்ட்டரும் வேண்டும். இதை வாங்கும்போதே சொல்ல வேண்டும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடியில் 1,80,000 ரூபாயில் ஏழைகளுக்குக் கட்டிய வீடுகளில் சூரிய விளக்குகள் வைத்தார்கள். அந்த யோசனையில் ஒரு பாடம் உண்டு. வீடு முழுவதற்கும் பாட்டரி வைக்க முடியாது. நான்கு விளக்கு, இரண்டு விசிறி, போன் சார்ஜ் என்று அளவாக வைத்தால் கட்டுப்படியாகும்.

காற்றையும் நினைக்க வேண்டும். உயரமான கால்களில் நிற்கும் பேனல், புயலில் தோணியின் பாய் போல. கூரையோடு ஒட்டிய ஓடு இந்த ஒரு விஷயத்தில் மேல் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காற்று அடியில் புகுந்து தூக்க இடமில்லை. ஆனால் மரம் விழுந்து பத்து ஓடு உடைந்தால்? பேனல் உடைந்தால் வேறு கம்பெனிப் பேனலை அநேகமாக அங்கே பொருத்திவிடலாம். ஓட்டுக்கு அதே கம்பெனியின் அதே அளவு ஓடுதான் வேண்டும். கம்பெனி கடையைக் கட்டியிருந்தால் எங்கே போவது?

ஆகவே ஓட்டின் அழகுக்குக் கொடுக்க இருந்த பணத்தைப் பாட்டரிக்கும், கால்களை இறுக்கும் போல்ட்டுக்கும் கொடுப்பது புத்திசாலித்தனம்.

மகளுக்குப் புது வீடு கட்டுகிறவர்கள் இன்றே பேனல் வாங்க வேண்டும் என்பதில்லை. தளம் போடும்போது மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேனலின் கால்கள் நிற்க வேண்டிய இடங்களில் கான்கிரீட்டுக்குள் போல்ட் பதித்துவிடலாம். மாடியிலிருந்து மீட்டர்ப் பெட்டி வரை ஒரு குழாயையும் சுவருக்குள் விட்டுவிடலாம். குழாயின் வாயை மூடி வைக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும்.

அதிராம்பட்டினத்தில் சித்திரையிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை உச்சி வெயில் சற்று வடக்கே சாய்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. பேனலைத் தெற்கு நோக்கிச் சுமார் பத்து டிகிரி சாய்த்தால் போதும். கால்களின் உயரத்தை அதற்கேற்ப மேஸ்திரி கணக்குப் பண்ணிக்கொள்வார்.