மெதுவாக வளரட்டும்

ஜெயநகரில் ஒரு நண்பர் வீடு. மணியை அழுத்தியதும் கதவுக்குப் பின்னால் ஏதோ சறுக்கி விழும் ஓசை. கதவு திறந்தால், கன்றுக்குட்டி அளவில் ஒரு கிரேட் டேன் குட்டி. வயது நான்கு மாதம். பளிங்குபோல் வழுக்கும் தரையில் நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போக, சமாளித்து எழுந்து வந்து என் மார்பில் பாய்ந்தது. "இருபத்தாறு கிலோ சார்! கூடப் பிறந்ததுல இவன்தான் பெரியவன்" என்றார் நண்பர், பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லும் தகப்பனைப் போல.

என் கண் அதன் முன்னங்கால்களில் நின்றது. பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தன. என்ன சாப்பாடு என்று விசாரித்தேன். காலையில் பால், இரண்டு முட்டை. கிண்ணம் காலியாகும்போதெல்லாம் குட்டிகளுக்கான பாக்கெட் தீனி. மதியம் கோழியும் சோறும். மாலையில் ராகிக் கூழ். இத்தனைக்கும் மேல், கடைக்காரர் சிபாரிசு செய்த கால்சியம் சிரப், வேளைக்கு இரண்டு ஸ்பூன். பெரிய எலும்பாயிற்றே, பலம் வேண்டாமா? கோவையிலிருந்து வந்திருந்த நண்பரின் தாயார் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "வளர்ற உசுருங்க தம்பி. வயிறாரத் திங்கட்டும்."

பொமரேனியனோ தெரு நாய்க்குட்டியோ ஆக இருந்தால் இந்த உபசாரத்தால் தொந்தி விழும், அவ்வளவுதான். ராட்சத இனத்துக் குட்டிக்கு இதுதான் வினை.

கணக்கைப் பாருங்கள். கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய அரை கிலோ. முதல் பிறந்தநாளில் ஐம்பது கிலோவை நெருங்கிவிடும். ஓராண்டில் நூறு மடங்கு. மூன்று கிலோவில் பிறக்கும் மனிதக் குழந்தை இருபது மடங்காவதற்குப் பதினெட்டு வருடம் எடுத்துக்கொள்கிறது. எலும்பு நீள்வது அதன் முனைகளில் உள்ள குருத்தெலும்புப் பகுதியில். அந்தக் குருத்து கெட்டிப்பட்டு எலும்பாக அவகாசம் வேண்டும். அதற்குள் உடம்பின் பாரம் முந்திக்கொண்டால் கால் வளையும், மூட்டு தேயும், தொடை எலும்பு இடுப்புக் குழியில் சரியாக உட்காராது.

இது வீட்டு வைத்தியர்களின் ஊகமல்ல. 1974-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெட்ஹாமர் என்பவரும் அவரது சகாக்களும் கிரேட் டேன் குட்டிகளை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு வேண்டிய மட்டும் தீனி. மற்றதற்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. எலும்புக் கோளாறுகள் வயிறு நிறையத் தின்ற அணியில்தான் மலிந்தன. 1980-களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹேஸவிங்கல் குழுவினர் அதே இனத்துக்கு கால்சியத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் கோளாறுதான். வளர்ந்த நாயின் குடல் தேவையான கால்சியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். சில மாதக் குட்டிக்கு அந்தக் கதவை அடைக்கத் தெரியாது. ஊற்றியதில் பெரும்பகுதி உள்ளே போய்விடுகிறது.

அதற்காக கால்சியமே கூடாது என்று அர்த்தமில்லை. வெறும் சோறும் கறியும் தின்று வளரும் குட்டிக்குப் பற்றாக்குறையாலேயே கால் வளையும். ஆகவே பெரிய இனக் குட்டிகளுக்கென்று தனியாகத் தயாராகும் உணவை வாங்குங்கள். பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: கால்சியம் ஒன்று முதல் ஒன்றரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இருந்தால் சிரப், மாத்திரை, எலும்புத்தூள் எதுவும் வேண்டாம். வீட்டுச் சாப்பாடுதான் போடுவேன் என்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். கடைக்காரரிடம் அல்ல.

ஆறு மாதம் வரை நாளைக்கு மூன்று வேளை, பிறகு இரண்டு. அளந்து போட்டு, கால் மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள் (தூக்க முடிகிற வரையில், அது அதிக நாள் நீடிக்காது). விலாவில் கை வைத்தால் எலும்புகள் எளிதில் தட்டுப்பட வேண்டும். பார்க்கிறவர்கள் "என்ன, பட்டினி போடுகிறீர்களா?" என்று கேட்பார்கள். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அடையப்போகும் உயரம் தாய் தகப்பனிடமிருந்து வருவது. ஒல்லியாக வளர்ந்தால் குட்டி குள்ளமாகிவிடாது. போய்ச் சேர இன்னும் சில மாதங்கள் ஆகும், அவ்வளவே.

அடுத்தது தரை. பெங்களூர் அடுக்குமாடி வீடுகளின் வழவழப்பு ஓடுகள் கண்ணுக்கு அழகு. வளரும் மூட்டுக்குச் சத்துரு. குட்டி நடமாடும் பாதையில் தேங்காய் நார் மிதியடிகளை வரிசையாகப் போடுங்கள். பழைய ஜமுக்காளம் இருந்தாலும் சரி. மாடிப்படியில் ஏற்றி இறக்காதீர்கள். கப்பன் பூங்காவில் ஓடும் எஜமானருக்குப் பின்னால் நாக்குத் தள்ள வரும் ஆறு மாதக் குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பதினெட்டு மாதம் ஆகும்வரை அந்த ஓட்டம் ஆகாது. மண்ணில், புல்லில் தன் இஷ்டத்துக்கு விளையாடி, அலுத்தால் படுத்துவிடுவதே போதும். கருத்தடையிலும் அவசரம் கூடாது. எலும்பு வளர்ச்சி முடிவதற்கான சமிக்ஞை பாலின ஹார்மோன்களிடமிருந்து வருகிறது என்பதால், இந்த இனங்களுக்குத் தள்ளிப்போடுவதையே பலர் பரிந்துரைக்கிறார்கள்.

மேலே பாயும் பழக்கத்தை மட்டும் இன்றே நிறுத்த வேண்டும். நாலு மாதத்தில் சிரிப்பாக இருப்பது, அறுபது கிலோவில் வயதான தாயாரைக் கீழே தள்ளிவிடும்.

பெங்களூரின் குளிர்ச்சிக்கு இந்த நாய்கள் தோதுப்படும் என்றொரு எண்ணம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம் என்னவோ உண்மைதான். ஆனால் 2024 ஏப்ரலில் இங்கே வெயில் 38 டிகிரியைத் தொட்டது. ஆல்ப்ஸ் பனிமலைக்கென்று ரோமம் வளர்த்த செயின்ட் பெர்னார்டுக்கு அது நரகம். 'பீத்தோவன்' படம் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் மின்வெட்டையும் யோசிக்க வேண்டும். அந்தஸ்து மோகம் வேறு. ஐம்பது கோடி ரூபாய்க்கு ஓநாய்க் கலப்பு நாயை வாங்கியதாக 2025-ல் இந்த ஊரில் ஒருவர் சொல்லிக்கொள்ள, அமலாக்கத் துறையே கதவைத் தட்டியது. கோடிகள் கதை என்று தெரிந்தது.

சட்டத்திலும் குழப்பத்துக்குக் குறைவில்லை. அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு நாய்தான் என்று 2018-ல் அப்போதைய மாநகராட்சி விதி கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அது நின்றுபோனது. உருவத்தைக் காரணம் காட்டி நாயைக் குடியிருப்போர் சங்கம் தடை செய்ய முடியாது என்கின்றன விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டு நெறிகள். 2024 மார்ச்சில் மாஸ்டிஃப் உட்பட 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையை, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கிரேட் டேன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. வாங்குவோருக்கு உண்மையில் உதவக்கூடியது 2017-ன் நாய் இனப்பெருக்க விதிகள்: எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

கால் கோணிய குட்டிக்கும், வாடகை வீடு மாறும்போது இடம் கிடைக்காத நாய்க்கும் என்ன ஆகிறது? கிரிஸ்டல் ராஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1991-ல் பெங்களூரில் தொடங்கிய விலங்கு நல அமைப்பு, கைவிடப்பட்ட நாய்களுக்குப் புது வீடு தேடித் தரவென்றே ஒரு மையம் நடத்துகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய சாதி நாய்களும் அப்படித் தெருவுக்கு வருகின்றன. ஐம்பது அறுபது கிலோ நாயைத் தத்தெடுக்க வருவோர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இன்னொன்று, உயிர் விஷயம். ஆழ்ந்த மார்புள்ள இந்த நாய்களுக்கு இரைப்பை உப்பி, முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு மத்தளமாக வீங்கும். குமட்டும், எதுவும் வெளியே வராது. நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வரும். விடியட்டும் என்று காத்திருந்தால் நாய் இருக்காது. அறுவை சிகிச்சை ஒன்றே வழி. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று குட்டி வந்த அன்றே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். உயரமான ஸ்டாண்டில் கிண்ணத்தை வைத்தால் நல்லது என்று பலர் சொல்கிறார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் சாப்பிட்ட நாய்களிடம்தான் இந்தக் கோளாறு அதிகம் தெரிந்தது. இவ்வளவு பாடுபட்டாலும் கிரேட் டேனின் ஆயுள் ஏழிலிருந்து பத்து வருடம்.

நண்பரிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். மறுநாள் ஒரு கால்நடை மருத்துவர் மீதியைச் சொல்லி, சிரப்பை நிறுத்தி, தீனியைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். கூடம் முழுக்க நார் மிதியடி. விலா எலும்பு லேசாகத் தெரிய, குட்டி ஒய்யாரமாக நடந்து வந்தது. இடது பாதம் நேராகிவிட்டது. வலதில் இன்னும் கொஞ்சம் கோணல் இருக்கிறது. அது போகுமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றாராம் மருத்துவர்.

"எப்படி எளைச்சுட்டான் பாருங்க தம்பி" என்றார் தாயார். குட்டி என்னை விட்டுவிட்டு, அவருடைய முந்தானை முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே பிஸ்கட் இருந்திருக்க வேண்டும்.