'மிக'வுக்கும் 'அதி'க்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர்?

தில்லி லோதி ரோட்டிலுள்ள மௌசம் பவன், 1875இல் தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம். அத்துறையின் வரையறைப்படி, 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் பெய்வது கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.5ஐத் தொட்டால் அதி கனமழை. அறிவியலுக்கு இவ்வரையறை இன்றியமையாதது. ஆனால் 'மிக', 'அதி' என்ற அடைகளுக்குத் தமிழ்க்காதில் பொருள் ஒன்றே. ஒன்று தமிழ், மற்றது வடமொழி என்பதற்கு மேல், எது பெரிது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது ஏறத்தாழ 95 செ.மீ. இருபத்தொரு செ.மீ. பெய்தாலும் அதே 'அதி கனமழை'தான்.

பேச்சுத்தமிழோ மழையை அளவால் மட்டும் பிரிப்பதில்லை. அது பெய்யும் விதத்தால் பிரிக்கிறது. தூறல், சாரல், அடைமழை ஆகிய மூன்றும் மூன்று வகை அனுபவங்கள். 'இருட்டிக்கொண்டு வருகிறது' என்பது முன்னறிவிப்பு. 'வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது' என்பது வேகம். 'கொட்டித் தீர்த்தது' என்பது முடிவு. இத்தாலியர் பெருமழையைத் 'தொட்டி தொட்டியாகப் பெய்கிறது' என்பர். எந்த மொழியிலும் மக்கள் மழையை வீட்டுப் பாத்திரங்களாலேயே அளக்கின்றனர் போலும்.

வழக்குச்சொற்கள் துல்லியமற்றவை, ஊருக்கு ஊர் மாறுபவை என்ற மறுப்பு நியாயமானதே. எண்களை அகற்றுமாறு எவரும் கோரவில்லை. எண்ணுக்கு அருகில், 'இரவு முழுதும் விடாமல் ஊற்றும். குளங்கள் உடைப்பெடுக்கலாம்' என்றொரு வாக்கியம் நிற்கட்டும் என்பதே என் வேண்டுகோள். விளைவு சார்ந்த எச்சரிக்கை என்னும் கருத்து அத்துறைக்குப் புதிதன்று. அதனைத் தமிழில் சொல்லும் முறையே இன்னும் செம்மையுற வேண்டும்.

'மழை விட்டும் தூவானம் விடவில்லை' என்பதை இன்று உவமையாகவே கையாள்கிறோம். 2023இல் மழை ஓய்ந்த பின்னும் தாமிரபரணிக் கரையோர ஊர்கள் நீரில் நின்றன. அப்பழமொழி நேர்ப்பொருளிலும் பயன்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மொழியியல் துறைகள் மாவட்டவாரியாக இவ்வழக்குகளைத் தொகுத்து வானிலையாளரிடம் அளிக்கலாம். ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு இதைவிடப் பயனுள்ள தலைப்பு அரிது. நண்பர்கள் தத்தம் ஊர் மழைச்சொற்களைப் பின்னூட்டத்தில் பகிர வேண்டுகிறேன்.